காவலன் என்றனர், குற்றவாளி என்றனர்

போலீசு இரண்டு வகை. ஒன்று ஊர்ப் போலீசு. அது நிலையத்தில் அமர்ந்திருக்கும், புகாரை எழுதிக்கொள்ளும், சந்தைக்கும் திருவிழாவுக்கும் வந்து நிற்கும். அதன் முகம் நமக்குத் தெரியும். நம் முகம் அதற்குத் தெரியும். மற்றொன்று படைப் போலீசு. அதற்கு நிலையம் இல்லை, பாசறை உண்டு. அது புகாரைக் கேட்பதில்லை, கட்டளையைக் கேட்கும். கம்பெனி என்றும் பட்டாலியன் என்றும் பிரிந்து, சிப்பாயைப் போல் உண்டு, சிப்பாயைப் போல் உறங்கி, சிப்பாயைப் போல் அணிவகுத்து, எங்கே கலகம் என்று செய்தி வருகிறதோ அங்கே லாரியில் வந்து இறங்கும். வேலை முடிந்ததும் ஏறிச் சென்றுவிடும். சுட்டவர் யாரென்று சுடப்பட்டவருக்குத் தெரியாது; சுடப்பட்டவர் யாரென்று சுட்டவருக்கும் தெரியாது.

இராணுவத்துக்குள்ளே சிப்பாய்களின் ஒழுங்கைக் கவனிக்கும் மிலிடரி போலீசு வேறு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. குடிமக்கள்மேல் ஏவப்படுவதற்கென்றே சிப்பாயின் அமைப்பில் ஆக்கப்பட்ட போலீசைப் பற்றியே இந்தக் கட்டுரை. அது எங்கே பிறந்தது? எந்தக் கருத்தின்மேல் வளர்ந்தது? நம் பக்கத்துக்கு வந்தபோது என்ன விலை கேட்டது? இவற்றை அறியாமல், 'சட்டம் ஒழுங்கு' என்ற இரண்டு சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து என்ன பயன்?

ஒரே கை, இரண்டு போலீசு

பிரெஞ்சு நாட்டில் மன்னராட்சிக் காலத்திலேயே நெடுஞ்சாலைகளைக் காக்கக் குதிரைப் படையினர் இருந்தனர். புரட்சிக்குப் பின் 1791-ல் அந்தப் படைக்குத் தேசிய ழாந்தார்மரி என்ற புதுப் பெயர் கிடைத்தது. 1814-ல் சார்டினிய அரசு கராபினியேரி என்ற படையை நிறுவியது. இன்றைய இத்தாலியில் அது தொடர்ந்து நடக்கிறது. இரண்டுமே படைவீரர் என்ற தகுதியோடு போலீசு வேலை பார்ப்பவை.

ஆங்கிலேயர் இதைக் கண்டு முகம் சுளித்தனர். குடிமக்களை வேவு பார்க்கும் பிரெஞ்சு ஏற்பாடு, தன்னுரிமைக்குக் கேடு என்றனர். ஆகவே 1829-ல் இராபர்ட் பீல் இலண்டன் நகரத்துக்குப் போலீசு அமைத்தபோது மிகவும் கவனமாக இருந்தார். சிப்பாயின் சிவப்புச் சட்டை வேண்டாம், நீலச் சட்டை போதும்; துப்பாக்கி வேண்டாம், தடி போதும் என்று முடிவாயிற்று. போலீசுக்காரன் நம்மில் ஒருவன் என்ற எண்ணம் மக்களுக்கு வரவேண்டும் என்பது நோக்கம்.

அதே பீல்தான் அதற்கு முன் அயர்லாந்தில் அமைச்சுப் பொறுப்பில் இருந்தபோது, 1814-ல், ஆயுதம் ஏந்திய அமைதிப்படை ஒன்றை ஆக்கியவர். 1822-ல் அயர்லாந்துக்குக் காண்ஸ்டபுலரி வந்தது. 1836-ல் அது டப்ளினில் இருந்த ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரலின்கீழ் ஒரே படையாயிற்று. பாசறையில் வாழ்க்கை, தோளில் துப்பாக்கி. அதற்கும் மேலே ஒரு விதி: எவனும் தன் சொந்த மாவட்டத்தில் வேலை பார்க்கக் கூடாது. உறவினன் மேல் கை நீளாது. அறிந்தவன் மேல் தடி இறங்காது. ஆகவே அறியாதவனை அனுப்பு!

இலண்டன் மக்கள் குடிமக்கள். அயர்லாந்து மக்கள் அடக்கப்பட வேண்டியவர்கள். அங்கே நம்பிக்கை, இங்கே அந்நியம். ஒரே கை செய்த இரண்டு போலீசில் நம் நாட்டுக்கு எது வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? 1843-ல் சிந்துவைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அயர்லாந்துப் படையைப் பார்த்தே அங்கே போலீசை அமைத்தார். அந்த வழி மெல்ல மெல்லத் தெற்கே இறங்கியது.

பாளையமும் கிட்டியும்

நம் பக்கத்தில் அதற்கு முன் காவல் எப்படி இருந்தது? மேற்கு மலைச்சரிவில் ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூர் ஒரு பாளையம். பாளையக்காரர் காவல் பொறுப்பை ஏற்று, அதற்கென வரி வாங்கினார். ஊருக்குள்ளே தலையாரி, ஊர்களுக்கிடையே காவற்குடிகள். அதைப் பொற்காலம் என்று புகழ வேண்டியதில்லை. காவலன் கேட்டதைக் கொடுக்காத உழவன் மாட்டைத் தேடி அலைந்த கதைகளும் உண்டு. ஆனால் அங்கே காவலனைக் கேள்வி கேட்க ஊர் இருந்தது. களவு போன பொருளுக்கு ஈடு கொடுக்கும் கடமை காவலனுக்கு இருந்தது.

1801-ல் கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, பாளையத்தார் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்கள் காவல் அதிகாரத்தைக் கலெக்டரிடமும் தாசில்தாரிடமும் சேர்த்தன. வரி வாங்குபவனே காவலன். காவலனே வரி வாங்குபவன். விளைவு என்ன? வரி கட்ட இயலாத உழவனின் விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். இவை வாய்வழிக் கதைகள் அல்ல. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் 1855-ல் சென்னை மாகாணத்தில் விசாரித்து எழுதிவைத்த செய்திகள்.

அந்த அறிக்கையின் விளைவாக வந்ததே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். வரியையும் காவலையும் பிரித்தது அது. அந்த அளவில் அது நல்ல சீர்திருத்தம், மறுப்பதற்கில்லை. வில்லியம் இராபின்சன் சென்னையின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். சென்னையின் அமைப்பைப் பின்பற்றியே 1861-ல் இந்தியப் போலீசுச் சட்டம் எழுந்தது. ஆனால் கிட்டியிலிருந்து விடுவிக்கிறேன் என்று வந்த சட்டம் கொடுத்தது இலண்டன் போலீசையா? இல்லை. மேலிருந்து கீழே கட்டளை மட்டும் ஓடும் போலீசு. கீழிருந்து மேலே கேள்வி ஏறாத போலீசு. 1902-03-ல் பிரேசர் தலைமையில் கூடிய போலீசு ஆணையமும், மாவட்டந்தோறும் ஆயுதம் ஏந்திய ரிசர்வ் வேண்டும் என்ற கருத்தையே வலியுறுத்தியது.

பிறப்பின் கணக்கு

துப்பாக்கியை யாரிடம் கொடுப்பது? 1857-க்குப் பின் வெள்ளையரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான். அதற்கு அவர்கள் கண்ட விடை நமக்குப் பழக்கமானது. பிறப்பைப் பார்!

ஆர்க்காட்டிலும் வந்தவாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் கம்பெனிக்கு வெற்றி தேடித் தந்தவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள். ஆனால் 1881 முதல் 1885 வரை அந்தப் படையின் தலைவராக இருந்த இராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் இழந்துவிட்டனர் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் அவர் தலைவரானபோது அந்த முடிவு கொள்கையாயிற்று. பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்கரும் 'வீர இனங்கள்'. மற்றவர் பிறப்பிலேயே அதற்குத் தகுதியற்றவர். வருணாசிரமம் சாத்திரத்தின் பேரால் சொன்னதை இவர்கள் விஞ்ஞானத்தின் பேரால் சொன்னார்கள். குறிப்பேடு புதியது, கணக்கு பழையது.

அந்தக் கணக்குப்படி அமைந்தவையே படைப் போலீசுகள். 1886-ல் பர்மா முழுதும் பிரிட்டிஷ் ஆட்சியில் சேர்க்கப்பட்டபின், எதிர்த்தவரை அடக்க 'பர்மா மிலிடரி போலீசு' ஆக்கப்பட்டது. அதில் பர்மியர் இல்லை. வட இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். அசாமில் 1835-ல் காச்சார் லெவி என்று தொடங்கிய படை, அசாம் மிலிடரி போலீசு என்று மாறி, 1917-ல் அசாம் ரைபிள்ஸ் என்ற பெயர் பெற்றது. மலைமக்களை அடக்கக் கூர்க்கரை வைத்தது அது. அயர்லாந்தில் மாவட்டம் மாற்றி அனுப்பினார்கள். இங்கே இனம் மாற்றி, மொழி மாற்றி அனுப்பினார்கள்.

துப்பாக்கி ஏந்தப் பிறந்தவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தால், துப்பாக்கிக்கு எதிரே நிற்கப் பிறந்தவர்கள் என்று மற்றொரு பட்டியல் வேண்டுமல்லவா? அதுவும் வந்தது. 1871-ல் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. ஒருவன் என்ன செய்தான் என்று கேட்காத சட்டம். யாருக்குப் பிறந்தான் என்று மட்டும் கேட்கும் சட்டம். தொட்டில் குழந்தைக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கணவாய்க்கு அப்பால்

போடியிலிருந்து தேனி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரம். பிரமலைக் கள்ளர் வாழும் மண். தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்துக் கூலி வாங்கியவர்கள். அவர்களின் காவல் உரிமை ஒழிக்கப்பட்டது; வானம் பார்த்த பூமியைத் தவிர வேறு பிழைப்பு காட்டப்படவில்லை. பிறகு அவர்கள்மேலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. நேற்று வரை காவலன். இன்று பிறவிக் குற்றவாளி. இடையில் மாறியது அந்த மக்களின் இரத்தமா? அரசின் ஏடா?

மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஆண்மக்கள் பத்து விரல் ரேகையையும் பதிந்து தரவேண்டும். இரவில் தன் வீட்டில் தன் பாயில் படுக்க உரிமை இல்லை. நிலையத்திலோ சாவடியிலோ போலீசின் கண்முன் கிடக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களையும் இந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் ஆயுதப் போலீசு ஊரை வளைத்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் திரண்டனர். துப்பாக்கிகள் பேசின. 16 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவளைத் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தினர் என்று அந்த மண் இன்றும் சொல்கிறது. ஜாலியன்வாலா பாகை நாடு அறியும். அது நடந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில் நம் கணவாய்க்கு அப்பால் சிந்திய குருதியை எத்தனை பாடநூல்கள் எழுதின?

அந்தக் காலத்திலேயே தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களில் பள்ளிகளைத் திறந்தது. அவை தலைமுறைகளைப் படிக்க வைத்தன. பிறவிக் குற்றவாளி என்று ஏட்டில் எழுதப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் ஆசிரியராயினர், அதிகாரியாயினர், போலீசு வேலைக்கும் போயினர். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கிடைத்ததும் 'பிறவிக் குணம்' எங்கே ஓடி ஒளிந்தது? இதைவிடப் பெரிய மறுப்பு அந்தச் சட்டத்துக்கு வேண்டுமா?

மலப்புரத்துப் படை

சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு படைப் போலீசு இருந்தது. மலபாரின் மாப்பிள்ளை உழவர்கள் கிளர்ந்தெழுந்த காலங்களில் அவர்களை அடக்க 1884-ல் மலப்புரத்தில் ஒரு தனிப்படை வைக்கப்பட்டது. 1921-ல் பெருங்கிளர்ச்சி வெடித்தபோது, போலீசு அதிகாரி ஹிட்ச்காக்கின் முயற்சியில் செப்டம்பர் 30-ஆம் நாள் மலபார் ஸ்பெஷல் போலீசு பிறந்தது. ஆறு கம்பெனிகள், ஏறத்தாழ 600 காவலர், மேலே வெள்ளை அதிகாரிகள், அவர்களுக்குக் கீழே சுபேதார், ஜமேதார், அவில்தார். பதவிப் பெயர்கள் அத்தனையும் இராணுவத்துடையவை. பெயரில் மட்டும் போலீசு. மக்கள் நாவில் அது எம்.எஸ்.பி. ஆயிற்று, அந்த மூன்றெழுத்தே அச்சமும் ஆயிற்று.

மலபாருக்கென்று பிறந்த படை மலபாரிலேயே நிற்கவில்லை. அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் 1922-ல் ரம்பா மலைமக்கள் எழுந்தபோது அங்கே அனுப்பப்பட்டது. அசாம் ரைபிள்ஸும் அங்கே வந்து சேர்ந்தது. 1924 மே மாதம் ராஜு கொல்லப்பட்டார். மலபார் உழவன் மகனும் இமயத்துக் கூர்க்கனும் கோதாவரி மலைவாசியை வேட்டையாடினர். மூவருக்கும் இடையே என்ன பகை? பகை இல்லாததனால்தான் அனுப்பப்பட்டார்கள், பழக்கமும் இல்லையல்லவா!

இன்னும் ஒன்றை நாம் மறக்கலாகாது. துப்பாக்கி ஏந்தியவனும் ஏழைதான். 1946 ஏப்ரலில் எம்.எஸ்.பி. காவலர்களே தங்கள் நிலைமையைச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தனர். கிடைத்த பதில், நூற்றுக்கணக்கானோருக்கு வேலை நீக்கம். மக்களின் முறையீட்டைக் கேட்காதே என்று பழக்கப்பட்ட படையில், காவலனின் முறையீட்டைக் கேட்கவும் காது இல்லை. ஆகவே நம் வாதம் காக்கிச் சட்டைக்குள் இருக்கும் மனிதனோடு அல்ல. அவனை மனிதனாக இருக்கவிடாத அமைப்போடு.

கொடி மாறியது

விடுதலை வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-ல் ஒழிந்தது. படைப் போலீசு ஒழிந்ததா? சமஸ்தானங்களில் எழுந்த மக்கள் கிளர்ச்சியைச் சமாளிக்க 1939 ஜூலை 27-ல் நீமச்சில் தொடங்கிய 'மன்னர் பிரதிநிதிப் போலீசு', 1949 டிசம்பரில் ஒரு சட்டத்தின் மூலம் மத்திய ரிசர்வ் போலீசுப் படை என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் இரண்டு பட்டாலியன். இன்று 240-க்கு மேல், ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். பிறப்புப் பட்டியல் பார்த்து ஆள் எடுக்கும் காலம் அதில் போய்விட்டது. நாடெங்கிலுமிருந்து தேர்வு வைத்து எடுக்கிறார்கள். 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனரின் குண்டுக்கு இரையானவர்கள் அந்தப் படையினர். அவர்கள் நினைவாகவே அந்த நாள் போலீசு நினைவு நாளாயிற்று. வெள்ளத்திலும் தேர்தலிலும் அந்தப் படை செய்த தொண்டையும் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது: அந்தப் படை யாருக்குப் பதில் சொல்லும்? அரசியல் சட்டத்தில் காவல் மாநிலத்தின் பொறுப்பு. ஆயினும் 1968 செப்டம்பரில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது, கேரள அரசின் இசைவின்றியே மத்திய ரிசர்வ் போலீசு அங்கே இறக்கப்பட்டது. முதலமைச்சர் நம்பூதிரிபாடு எதிர்ப்புத் தெரிவித்தார். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆம் திருத்தம் மத்தியப் பட்டியலில் ஒரு புதிய வரியைச் சேர்த்தது. மாநிலத்துக்குள் மத்திய ஆயுதப்படையை அனுப்பும் அதிகாரம் அந்த வரியில் அடங்கிற்று. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது எழுதப்பட்ட வரி இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

இந்தக் கேள்வியில் நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளத்தாக்குக்கு நீர் தருவது முல்லைப் பெரியாறு. 2015-ல் தமிழ்நாடு அந்த அணைக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. கேரளம் கேட்டாலொழிய அனுப்ப இயலாது. காவல் மாநிலப் பொருள் என்றது மத்திய அரசு. பின்னர் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. அணைபற்றிய நம் அச்சம் நியாயமானது. ஆயினும் நமக்கு வேண்டும்போது ஓர் அளவு, நம்மேல் வரும்போது வேறோர் அளவு என்பது பகுத்தறிவு ஆகாது. மாநிலத்தின் இசைவு என்ற கோட்பாடு நம் வீட்டு வாசலுக்கு மட்டுமன்று. அண்டை வீட்டு வாசலுக்கும் உரியது.

யாருடைய காவல்?

மத்தியப் படை வேண்டாம், மாநிலப் படை போதும் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது இராணுவமும் வந்தது. அதற்கு முன்னே தமிழகப் போலீசே சுட்டது. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 உயிர்கள் போயின. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் பேரணியில் 13 பேர் மடிந்த துப்பாக்கிச் சூடும் மாநிலப் போலீசு நடத்தியதே. அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீசார் வரம்பு மீறினர் என்று அது கூறிற்று. சுட்டவர் தமிழர்; மாண்டவர் தமிழர். மொழி ஒன்றாயினும் அந்நியம் அந்நியமாகவே இருந்தது. ஏனெனில் அந்த அந்நியம் ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

கூட்டத்தைக் கலைக்கும்போது குறைந்த அளவு பலத்தையே பயன்படுத்துக என்பது சட்டப் புத்தகத்தில் உண்டு. 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலந்தோறும் பாதுகாப்பு ஆணையமும், போலீசுமேல் வரும் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பும் வேண்டும் என்று கட்டளையிட்டது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாதவை என்றது. குற்றப் பரம்பரைச் சட்டம் செத்து 72 ஆண்டுகள் கழித்தும் அதன் நிழல் சிறைக்குள்ளே வேலை வாங்கிக்கொண்டிருந்தது என்பதுதானே இதன் பொருள்?

சட்டத்தை நீக்குவது எளிது. அதற்கு அடியில் கிடக்கும் கருத்தை நீக்குவதே அரிது. மனிதனைச் செயலால் அளக்காமல் பிறப்பால் அளக்கும் அந்தக் கருத்தே ஒருவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. மற்றவன் கைரேகையைப் பிடுங்கியது. களவு நடந்த மறுநாள் ஒரு குறிப்பிட்ட தெருவுக்குள் மட்டும் போலீசு வண்டி நுழைகிறதென்றால், 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வண்டிக்குள் அமர்ந்திருக்கிறது என்று அறிக.

இளைஞர்களே! படைப் போலீசு ஒரு நாளில் மறையப் போவதில்லை. ஆனால் சில கேள்விகளை நாம் இன்றே எழுப்பலாம். துப்பாக்கிச் சூட்டுக்கு ஆணையிட்டவர் யார்? அந்த ஆணை எழுத்தில் உண்டா? விசாரணை அறிக்கை வந்தபின் எடுத்த நடவடிக்கை என்ன? காவலருக்குத் தம் குறையைச் சொல்ல வழி உண்டா? மாநிலத்தின் இசைவு இல்லாமல் படை வரலாமா? சட்டமன்றத்தில் கேட்கச் செய்யுங்கள், மன்றங்களில் பேசுங்கள், தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கேளுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் போகும்போது பெருங்காமநல்லூரின் நினைவுத் தூணில் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்குவது எளிது என்று எண்ணி வந்த அரசிடம், தாங்கள் செய்யாத குற்றத்துக்குக் கையை நீட்ட மாட்டோம் என்று சொன்னவர்களின் பெயர்கள் அவை.